நுரையீரல் தழும்பை மூலிகைச் சாறு கரைக்குமா?

தண்டையார்பேட்டையில் நான் வேலை பார்க்கும் மருந்துக் கடைக்கு மாதம் ஒருமுறை ஓர் அண்ணன் வருவார். வயது அறுபத்தெட்டு. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறங்கிக்கொண்டிருந்த காலத்தில் அங்கே கூலி வேலை பார்த்தவர். 2011-இல் நீதிமன்ற உத்தரவால் அந்த நிலக்கரி எண்ணூர்ப் பக்கம் போனது, அவர் வேலையும் அத்தோடு போனது. எங்கள் கடைக்கு மூன்றே மூன்று படி. ஏறி வந்ததும் கவுண்டர் கண்ணாடியில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு ஒரு நிமிடம் பேசாமல் நிற்பார். நானும் எதுவும் கேட்க மாட்டேன். மூச்சு அடங்கிய பிறகு அவரே ஆரம்பிப்பார்.

போன மாதம் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தார். செய்தித்தாளில் மடித்திருந்தது. பிரித்தால் பச்சை கலந்த பழுப்புத் தூள். ஆடாதோடை. ராசப்ப செட்டி தெரு நாட்டு மருந்துக் கடையில் வாங்கியதாம். கூடவே போனில் ஒரு வீடியோ: நுரையீரல் தழும்பை மூலிகைச் சாறு கரைத்துவிட்டது, விஞ்ஞானிகளே நிரூபித்துவிட்டார்கள் என்று ஒருவர் உரத்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இன்னாமா, இத்தக் குடிச்சா அது கரைஞ்சுடுமா? மாத்திரைய நிறுத்திடலாமா?"

இரண்டாவது கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிட்டேன்: "நிறுத்தாதீங்கண்ணா." முதல் கேள்விக்குக் கடையில் நின்றபடி பதில் சொல்ல முடியவில்லை. பின்னால் நான்கு பேர் நின்றிருந்தார்கள். அவருக்குச் சொல்ல நினைத்ததை இங்கே நிதானமாக எழுதுகிறேன். அந்த வீடியோ முழுப் பொய் இல்லை. அதில் சொன்ன ஆராய்ச்சி நிஜமாகவே நடந்தது. ஆனால் யாருடைய நுரையீரலில் நடந்தது, எப்போது கொடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. இந்த மூன்றையும் கேட்கத் தெரிந்தால் போதும்.

நிறுத்தாமல் பின்னப்படும் வலை

கையில் கத்தி லேசாகப் பட்டால் தோல் பழையபடி மூடிக்கொள்ளும். ஆழமாகப் பட்டால் தழும்பு விழும். தழும்பு என்பது உடல் அவசரத்துக்குப் போடும் ஒட்டு. அதைப் போடுபவை ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற நார்ச்செல்கள். காயம் பட்ட இடத்துக்கு வந்து, கொலாஜன் என்ற புரத நாரைப் பின்னி, இடைவெளியை அடைப்பதுதான் அவற்றின் வேலை. அடைத்து முடித்ததும் கலைந்துவிட வேண்டும்.

நுரையீரலுக்குள் 30 கோடிக்கும் மேற்பட்ட காற்றுப் பைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் பிரித்து விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர், அதாவது 750 சதுர அடி வரும். எங்கள் பக்கத்துப் பழைய குடிசை மாற்று வாரிய வீடுகள் இரண்டைச் சேர்த்தாலும் அந்த அளவு வராது. ஒவ்வொரு பையின் சுவரும் தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்குகூட இருக்காது. நாம் இழுக்கும் ஆக்ஸிஜன் அந்தச் சுவரைத் தாண்டித்தான் ரத்தத்துக்குப் போக வேண்டும். அதனால்தான் அது அவ்வளவு மெல்லியதாக இருக்கிறது.

காசிமேட்டில் படகு ஓரமாக உட்கார்ந்து கிழிந்த வலையைப் பின்னுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, கிழிந்த கண்ணியை மட்டும் முடிச்சுப் போட்டுச் சேர்ப்பார்கள். சேர்ந்ததும் நூலை அறுத்துவிடுவார்கள். அவர் நிறுத்தாமல் பின்னிக்கொண்டே போகிறார் என்று வையுங்கள். கண்ணிக்குள் கண்ணி விழும். நல்ல இடத்திலும் நூல் ஏறும். கடைசியில் வலை சாக்குத் துணி மாதிரி ஆகிவிடும். தண்ணீரும் வடியாது, இழுத்தால் விரியவும் செய்யாது. நுரையீரல் தழும்பு நோயில், அதாவது லங் ஃபைப்ரோசிஸில், நடப்பது இதுதான். நார்ச்செல்களுக்கு 'இன்னும் பின்னு' என்று உத்தரவு போய்க்கொண்டே இருக்கிறது. அந்த உத்தரவைக் கொண்டுபோகும் முக்கியமான தூதுப் பொருளின் பெயர் டிஜிஎஃப்-பீட்டா. இந்தப் பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மூலிகை ஆராய்ச்சிகளில் திரும்பத் திரும்ப வரும்.

நோயாளிக்கு இது வறட்டு இருமலாகவும் இளைப்பாகவும் தெரியும். டாக்டர் முதுகின் அடிப்பகுதியில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால், குழந்தைகள் செருப்பின் ஒட்டுப்பட்டையைப் பிரிக்கும்போது வருமே, அந்தச் சரசரப்பு கேட்கும். நம் அண்ணனுக்கு உட்கார்ந்திருக்கும்போது விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டினால் 95 காட்டும். தெருமுனை வரை நடந்துவிட்டு வந்து மாட்டினால் 87. நோய் உட்கார்ந்திருக்கும்போது ஒளிந்துகொள்கிறது. அதனால்தான் ஆஸ்பத்திரியில் ஆறு நிமிடம் நடக்கவிட்டுப் பார்க்கிறார்கள்.

எல்லாத் தழும்பும் ஒன்றல்ல

காசநோய் ஆறிய இடத்தில் விழும் தழும்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும், பரவிக்கொண்டே போகாது. ஓட்டேரி நெஞ்சக நோய் மருத்துவமனைக்கும் ஸ்டான்லிக்கும் போய்வரும் எங்கள் பக்கத்து ஜனங்களில் பலருக்கு எக்ஸ்ரேயில் இப்படி ஒரு பழைய வடு இருக்கும். கல் உடைப்பு, மணல் ஊதும் வேலை ஆகியவற்றின் சிலிக்கா தூசியால் வருவது வேறு. முடக்குவாதத்தோடு சேர்ந்து வருவது வேறு. காரணமே தெரியாமல் வந்து வேகமாக முற்றுவது ஐ.பி.எஃப். சிகிச்சை இல்லாவிட்டால் கண்டுபிடித்த நாளிலிருந்து மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் பாதிப் பேரைக் கொண்டுபோய்விடும் நோய் அது. பல புற்றுநோய்களை விட மோசமான கணக்கு. இதை மறைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. இந்த நோயோடு இருப்பவர் மூலிகைப் பொட்டலத்தை நம்பிக் கையில் எடுப்பது ஏன் என்று அப்போதுதான் நமக்குப் புரியும்.

இன்னொரு வகை இருக்கிறது, வடசென்னைக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. இந்தியாவில் 27 மையங்களில் 1,084 பேரைப் பதிவு செய்து, 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த வகை நுரையீரல் நோய்களில் முதலிடம் பிடித்தது ஐ.பி.எஃப். இல்லை. 47 சதவீதம் பேருக்கு இருந்தது, மூச்சில் போகும் ஏதோ ஒரு பொருள் ஒத்துக்கொள்ளாமல் வரும் நுரையீரல் அழற்சி. பூஞ்சை படிந்த ஏர் கூலர் அதற்கு ஒரு காரணம். புறா இன்னொரு காரணம். புறாவின் எச்சமும் இறகுத் தூளும் வருடக்கணக்கில் மூச்சில் போனால் சிலருக்கு நுரையீரல் மெல்லத் தழும்பாகிவிடும். வியாசர்பாடி, புளியந்தோப்பு, ராயபுரம் மொட்டை மாடிகளில் பந்தயப் புறா வளர்ப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. புறாவைப் பிள்ளை மாதிரி வளர்ப்பார்கள். ஆனால் இந்த வகை நோயில் காரணத்தை விலக்குவதுதான் முதல் மருந்து. அதை விட்டுவிட்டு எந்தச் சாறு குடித்தும் பலனில்லை.

ஆக, 'நுரையீரல் தழும்புக்கு மூலிகை' என்று யாராவது சொன்னால், எந்தத் தழும்புக்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

இப்போதைக்கு ஆங்கில மருத்துவத்தில் என்ன இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் என்ற இரண்டு மருந்துகள் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கின்றன. முதலாவது இந்தியாவில் 2010 முதல் கிடைக்கிறது. இரண்டும் தழும்பை அழிப்பதில்லை, புதிதாக விழும் வேகத்தைக் குறைக்கின்றன. 2014-இல் வெளியான நின்டெடானிப் சோதனை ஒன்றில், மருந்து எடுக்காதவர்களின் மூச்சுக் கொள்ளளவு ஆண்டுக்குச் சுமார் 240 மில்லி லிட்டர் குறைந்தது. மருந்து எடுத்தவர்களுக்குச் சுமார் 115 மில்லி லிட்டர் குறைந்தது. பாதி வேகம். மாத்திரை சாப்பிடுகிறவருக்கு உடம்பில் 'நல்லாயிடுச்சு' என்ற உணர்வு வராது. குமட்டலும் பேதியும் வெயில் பட்டால் தோல் எரிச்சலும்தான் தெரியும். அதனால்தான் நிறுத்திவிடத் தோன்றுகிறது. பலன் தெரியாமல் வேலை செய்யும் மருந்தைத் தொடரச் சொல்வது எங்கள் கவுண்டரில் மிகக் கடினமான வேலைகளில் ஒன்று.

சாறு என்ற ஒரு சொல்

இப்போது மூலிகைக்கு வருவோம். வீட்டில் ஆடாதோடை இலையைக் கொதிக்க வைத்தால் அது கஷாயம். காய வைத்து இடித்தால் சூரணம். வெல்லப்பாகு மாதிரி காய்ச்சினால் மணப்பாகு. ஆராய்ச்சிக் கூடத்தில் 'எக்ஸ்ட்ராக்ட்' என்பது வேறு. இலையைக் காய வைத்து, தண்ணீரிலோ ஆல்கஹாலிலோ ஊறவைத்து, வடிகட்டி, திரவத்தை ஆவியாக்கி, அடியில் தங்கும் பிசுக்கை எடுத்து, அதில் எந்தப் பொருள் எத்தனை சதவீதம் என்று அளந்து வைப்பார்கள்.

காபிப் பொடியை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் டிகாக்‌ஷனும் மூன்றாவது டிகாக்‌ஷனும் ஒன்றா? பொடி ஒன்றுதான், இறங்கியது வேறு. தண்ணீரில் இறங்காத சில பொருள்கள் ஆல்கஹாலில் இறங்கும். மழைக்காலத்து இலைக்கும் கோடைக்கால இலைக்கும் உள்ளே இருக்கும் அளவு மாறும். அதனால் ஆல்கஹால் சாற்றில் கிடைத்த முடிவை எடுத்துக்கொண்டு வீட்டுக் கஷாயத்துக்குப் பொருத்த முடியாது.

அளவையும் பார்த்துவிடுவோம். உதாரணத்துக்கு, சுண்டெலிக்கு அதன் எடையில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் சாறு கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். எலியின் உடம்பு நம்மை விட வேகமாக ஓடுவதால், மனிதக் கணக்குக்குச் சுமார் பன்னிரண்டால் வகுப்பார்கள். கிலோவுக்கு 16, 17 மில்லிகிராம் வரும். 60 கிலோ ஆளுக்கு ஒரு கிராம் சாறு. பத்து கிராம் காய்ந்த இலையிலிருந்து ஒரு கிராம் சாறு இறங்குமென்றால், தினமும் பத்து கிராம் இலை, அதுவும் சோதித்துத் தரம் பார்த்த இலை. அண்ணன் காட்டிய பொட்டலத்தில் எத்தனை நாளுக்கு இருந்திருக்கும்? அது முழுக்க ஆடாதோடைதானா என்பதற்கு வாசனையைத் தவிர எங்கள் இருவரிடமும் வேறு சாட்சி இல்லை.

எலிக்குத் தழும்பு வரவழைப்பது எப்படி

எலிக்குத் தானாக இந்த நோய் வருவதில்லை. வரவழைக்க வேண்டும். அதற்குப் பயன்படுவது பிளியோமைசின். ஜப்பானில் மண் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து ஹமாவோ உமெசாவா குழுவினர் 1960-களில் கண்டெடுத்த புற்றுநோய் மருந்து. அதன் பெரிய பக்க விளைவு நுரையீரல் தழும்பு. அந்தப் பக்க விளைவையே ஆராய்ச்சியாளர்கள் கருவியாக்கிக்கொண்டார்கள். எலியின் மூச்சுக்குழாயில் ஒருமுறை பிளியோமைசினை விட்டால் முதல் வாரத்தில் நுரையீரல் வீங்கிச் சிவக்கும், இரண்டு மூன்று வாரத்தில் தழும்பாகும்.

கவனமாகப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். இளம் எலிகளுக்கு இந்தத் தழும்பு பல நேரம் சில வாரங்களில் தானாகவே குறையத் தொடங்கும். மனிதனுக்கு அப்படிக் குறையாது. இன்னொன்று, பல ஆய்வுகளில் மூலிகைச் சாற்றைப் பிளியோமைசின் கொடுத்த அன்றே, சில நேரம் அதற்கு முன்பே, ஆரம்பித்துவிடுகிறார்கள். அப்போது சாறு தடுப்பது ஆரம்ப வீக்கத்தை. வீக்கம் குறைந்தால் தழும்பும் குறைவாகத்தான் விழும். 'தழும்பு 40 சதவீதம் குறைந்தது' என்று முடிவில் வரும் வரிக்கு இதுதான் பொருள்: விழ வேண்டிய அளவு விழவில்லை. விழுந்து இறுகிய தழும்பு கரைந்தது என்று பொருள் இல்லை. நம் அண்ணனுக்கு வீக்கம் எப்போது வந்தது என்றே தெரியாது. அவர் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வலை சாக்காகிவிட்டது.

அதனால் ஓர் ஆய்வைப் பற்றிக் கேள்விப்பட்டால் நான் முதலில் தேடுவது, சாற்றை எத்தனையாவது நாளில் ஆரம்பித்தார்கள் என்பதைத்தான். பத்தாவது நாளுக்குப் பிறகு ஆரம்பித்தும் பலன் தெரிந்தால் எனக்கு ஆர்வம் கூடும்.

நம் வீட்டுச் செடிகள் எங்கே நிற்கின்றன

ஆடாதோடைக்குத் தனி மரியாதை உண்டு. 'ஆடாதோடைக்குப் பாடாத நாவும் பாடும்' என்று சொல்வார்கள். அதன் இலையில் வாசிசின் என்ற பொருள் இருக்கிறது. அதன் வடிவத்தைப் பின்பற்றித்தான் 1960-களில் புரோம்ஹெக்சின் என்ற சளி இளக்கி மருந்து வந்தது. புரோம்ஹெக்சின் உடலுக்குள் போய் மாறும் வடிவம்தான் ஆம்ப்ராக்சால். இன்று எந்த மருந்துக் கடைக்குப் போய்ச் சளி சிரப் வாங்கினாலும் லேபிளில் இந்த இரண்டில் ஒன்று இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. வேலியோரச் செடி ஒன்று உலகத்துக்கே இருமல் மருந்து கொடுத்திருக்கிறது. எனக்கு அதில் உண்மையான பெருமை. ஆனால் சளி வேறு, தழும்பு வேறு. ஐ.பி.எஃப். இருமலில் பெரும்பாலும் இளக்குவதற்குச் சளியே இருக்காது.

தழும்புக்கு ஆடாதோடையைப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். தில்லியில், மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆரின் மரபணு ஆய்வு நிறுவனமான ஐ.ஜி.ஐ.பி., ஆடாதோடைத் தண்ணீர்ச் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 2021-இல் முடிவை வெளியிட்டது. பிளியோமைசின் கொடுத்த எலிகளும் அதில் உண்டு. அழற்சியும் தழும்பும் குறைந்தன. நல்ல செய்தி. எலிச் செய்தி. அந்த வீடியோக்காரர் விட்டுவிட்டது இந்த இரண்டாவது வார்த்தையைத்தான். கர்ப்பிணிகள் ஆடாதோடையைத் தொடக் கூடாது என்பதையும் அவர் சொல்லவில்லை. வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும்.

மஞ்சளைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். மஞ்சளில் குர்குமின் சுமார் மூன்று சதவீதம்தான். ஒரு டீஸ்பூன் மஞ்சள்தூளில் நூறு மில்லிகிராம்கூட வராது. வந்ததும் ரத்தத்தில் ஏறாது. 1998-இல் பெங்களூரு ஆய்வாளர்கள் இரண்டு கிராம் குர்குமினைத் தனியாகக் கொடுத்துப் பார்த்தபோது ரத்தத்தில் கிட்டத்தட்ட ஒன்றும் தெரியவில்லை. கூடவே மிளகிலிருந்து எடுத்த பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்ததும் அளவு 2000 சதவீதம் கூடியது. கண்ணாடித் தட்டில் வளர்த்த நார்ச்செல்கள் மேல் குர்குமினை ஊற்றினால் அவை பின்னுவதை நிறுத்துகின்றன, உண்மை. ஆனால் தட்டில் ஊற்றிய அடர்த்தி நம் நுரையீரலை எட்ட வழியில்லை.

மிளகு செய்யும் இந்த வேலையை நம் நாட்டு விஞ்ஞானிகள் அழகாகப் பயன்படுத்தினார்கள். ஜம்மு சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வுக்கூடம் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினோடு பத்து மில்லிகிராம் பைப்பரினைச் சேர்த்தது. 450 மில்லிகிராம் கொடுக்க வேண்டிய ரிஃபாம்பிசின் 200 போதும் என்றானது. இதையே திருப்பிப் பாருங்கள். நீங்களாக மஞ்சள்-மிளகு கேப்சூல் வாங்கிச் சாப்பிட்டால், நீங்கள் சாப்பிடும் மற்ற மாத்திரைகளின் அளவும் ரத்தத்தில் கூடலாம். நின்டெடானிப் போன்ற மருந்தில் அது விளையாட்டில்லை. செறிவூட்டிய மஞ்சள் கேப்சூல்களால் கல்லீரல் கெட்டவர்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறார்கள். சமையலில் போடும் மஞ்சளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பயப்படாமல் போடுங்கள்.

செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். கார்த்திகைக் கிழங்கு என்று கிராமத்தில் சொன்னால் ஒதுங்கிப் போவார்கள், அவ்வளவு விஷம். அதன் விதைக்காகக் கொங்குப் பக்கமும் திண்டுக்கல் பக்கமும் பயிரே செய்கிறார்கள். விதையிலிருந்து கோல்சிசின் எடுக்கிறார்கள். கவுட் என்ற கீல்வாதத்துக்குக் கொடுக்கும் மருந்து. கண்ணாடித் தட்டில் கோல்சிசின் கொலாஜன் வெளியேறுவதைத் தடுத்தது. நம்பிக்கையோடு ஐ.பி.எஃப். நோயாளிகளிடமும் சோதித்தார்கள். 1990-களில் வந்த முடிவுகளில் அது நோயை நிறுத்தவில்லை. தட்டில் ஜெயித்து மனிதனிடம் தோற்ற செடி அது. தோல்வி என்றாலும் அந்தச் சோதனையை நான் மதிக்கிறேன். அது நடக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கும் யாராவது கோல்சிசினைத் தழும்புக்கு விற்றுக்கொண்டிருப்பார்கள்.

இதுவரை மனித நுரையீரலுக்கு மிக அருகில் வந்தது கிரீன் டீயில் இருக்கும் ஈ.ஜி.சி.ஜி. அமெரிக்காவில், நுரையீரலிலிருந்து சதைத் துணுக்கு எடுக்க வேண்டியிருந்த சில நோயாளிகளுக்கு, அதற்கு முந்தைய இரண்டு வாரம் தினமும் 600 மில்லிகிராம் ஈ.ஜி.சி.ஜி. கொடுத்தார்கள். எடுத்த துணுக்கில், கொடுக்காதவர்களை விட டிஜிஎஃப்-பீட்டா உத்தரவும் கொலாஜன் பின்னலும் குறைந்திருந்தன. 2020-இல் வெளியானது. மூலிகைப் பொருள் ஒன்று நோயாளியின் நுரையீரலுக்குள்ளேயே உத்தரவைத் தணித்ததைக் கண்ணால் பார்த்தது பெரிய விஷயம், படித்த அன்று எனக்கு உற்சாகமாக இருந்தது. ஆனால் விரல்விட்டு எண்ணும் நோயாளிகள், இரண்டே வாரம். மூச்சு கூடியதா, ஆயுள் கூடியதா என்று அதில் பார்க்கவில்லை. ஈ.ஜி.சி.ஜி. தினமும் 800 மில்லிகிராமைத் தாண்டினால் கல்லீரல் என்சைம்கள் ஏறுவதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது. எங்கள் கடைவாசலில் குடிக்கும் டீயில் இது மிகக் கொஞ்சம்தான், இலையைக் கருக்கவிட்டுப் பதப்படுத்தும்போதே பெரும்பகுதி வேறாகிவிடும்.

தழும்பை உண்டாக்கிய கீரை

'செடிதானே, என்ன செய்துவிடப் போகிறது?' என்பவர்களுக்கு இரண்டு விஷயங்கள்.

நர்சரிகளில் மல்டி வைட்டமின் கீரை என்று ஒரு செடி விற்பார்கள். தவசிக் கீரை என்றும் பெயர். இந்தோனேசியா, மலேசியாவில் காலங்காலமாகச் சமைத்துச் சாப்பிடும் கீரை. தைவானில் 1994, 1995 வாக்கில் உடம்பு இளைக்க வேண்டும் என்று அதைப் பச்சையாக அரைத்து, தினமும் டம்ளர் டம்ளராகக் குடித்தார்கள். நூற்றுக்கணக்கானோருக்கு மூச்சுத் திணறல் வந்தது. நுண்ணிய மூச்சுக்குழல்கள் தழும்பேறி அடைத்துக்கொண்டன, நிறுத்திய பிறகும் திறக்கவில்லை. சிலருக்கு நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை வரை போனது. சமைத்துக் கொஞ்சமாகச் சாப்பிட்டால் கீரை, பச்சைச் சாறாக வாரக்கணக்கில் குடித்தால் அதே கீரை நுரையீரலைக் கெடுத்தது.

இன்னொன்று பெல்ஜியத்தில் நடந்தது. சீனாவில் சிலிக்கா தூசி நோய்க்குப் பயன்படும் டெட்ராண்ட்ரின் என்ற பொருள் ஸ்டெஃபானியா என்ற கொடியின் வேரில் இருக்கிறது. இதே வேரை 1990-களின் தொடக்கத்தில் ஓர் உடல் இளைப்பு மையத்தில் மாத்திரையில் சேர்த்தார்கள். சேர்த்ததாக நினைத்தார்கள். சீனப் பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்ததால் அரிஸ்டோலோகியா என்ற வேறு கொடியின் வேர் வந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் தழும்பேறியது. நம் ஊர் வேலியோரம் இருக்கும் ஆடுதின்னாப்பாளை அதே அரிஸ்டோலோகியா குடும்பம்தான், சிறுநீரகத்தைக் கெடுத்த அரிஸ்டோலோகிக் அமிலம் அதிலும் உண்டு.

குலுக்கல் சீட்டு

அப்படியென்றால் ஒரு மருந்து வேலை செய்கிறது என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது? இதற்குச் சென்னையே ஒரு பாடம் நடத்தியிருக்கிறது. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1956-இல் தொடங்கியது. காசநோய்க்காரர் என்றால் சானடோரியத்தில் படுக்க வேண்டும், நல்ல காற்று, முட்டை, பால், ஓய்வு வேண்டும் என்று உலகமே நம்பிய காலம். இங்கே ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேர் சானடோரியத்தில், பாதிப் பேர் நெரிசலான தங்கள் வீட்டிலேயே. இரண்டு பக்கமும் ஒரே மாத்திரை, ஒரு வருடம். 1959-இல் முடிவு வந்தபோது குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. மாத்திரைதான் வேலை செய்தது. ஏழைகள் வீட்டிலிருந்தே மருந்து எடுக்கலாம் என்று உலகம் கற்றுக்கொண்டது அதிலிருந்துதான்.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். ஐ.பி.எஃப்-க்கு பிரெட்னிசோன், அசாதையோப்ரின், என்-அசிடைல்சிஸ்டீன் மூன்றையும் சேர்த்துக் கொடுப்பது பல ஆண்டுகள் வழக்கமாக இருந்தது. கொடுத்தவர்கள் பெரிய பெரிய டாக்டர்கள். ஒருநாள் அமெரிக்காவில் குலுக்கிப் பிரித்துச் சோதித்தார்கள். ஒரு பக்கம் 77 பேருக்கு மருந்து, மறுபக்கம் 78 பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. மருந்து எடுத்தவர்களில் 8 பேர் இறந்தார்கள், வெறும் மாத்திரையில் ஒருவர். ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 23-க்கு 7. பாதியிலேயே அந்த மருந்தை நிறுத்தி, 2012-இல் வெளியிட்டார்கள். நாட்டு மருந்தா, ஆங்கில மருந்தா என்று குலுக்கல் சீட்டு பார்ப்பதில்லை. மூலிகைக்கும் அதே சீட்டைக் கேட்பது மூலிகையை அவமதிப்பதாகாது, அதற்குரிய மரியாதையைக் கொடுப்பதாகும் என்பது என் எண்ணம்.

கவுண்டரின் இந்தப் பக்கம்

மூலிகை எடுக்காதீர்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் எடுப்பதை நிறுத்த மாட்டார்கள், என்னிடம் சொல்வதை நிறுத்திவிடுவார்கள். அது இன்னும் ஆபத்து. அதிமதுரம் தினமும் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். தழும்பு மாத்திரைகளுக்கு முதல் சில மாதங்கள் மாதாமாதமும், பிறகு இடைவெளி விட்டும் கல்லீரல் டெஸ்ட் எடுப்பார்கள். அதில் எண் ஏறியிருந்தால், டாக்டருக்குப் பொட்டலத்தைப் பற்றித் தெரியாவிட்டால், நல்ல மாத்திரையைத்தான் நிறுத்துவார்.

தழும்பைக் கரைக்காவிட்டாலும் மூச்சுக்கு உதவுபவை சில இருக்கின்றன. மூச்சுப் பயிற்சியும் நடைப் பயிற்சியும் சேர்ந்த நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சியால் நடக்கும் தூரம் கூடும், இது மனிதர்களிடம் சோதித்துத் தெரிந்தது. புகை நிறுத்துவது, ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசி, நிமோனியா தடுப்பூசி, தேவைப்படும்போது ஆக்ஸிஜன். பிர்ஃபெனிடோன் எடுப்பவர் பீடி பிடித்தால் மருந்தின் அளவே ரத்தத்தில் குறைந்துவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

அண்ணன் இந்த வாரம் மறுபடி வந்தார். படி ஏறி, கையை ஊன்றி, நின்றார். பின்னால் ஆள் இல்லை. ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தேன். பழைய மருந்துச் சீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தில், அவர் சாப்பிடும் எல்லாவற்றையும் சொல்லச் சொல்ல எழுதினேன். ஆடாதோடைச் சூரணம், காலையில் ஒரு ஸ்பூன், தேனில். அதிமதுரம், இருமல் வந்தால் வாயில் அடக்குவது, எண்ணிக்கை இல்லை. மருமகள் வாங்கிக் கொடுத்த மஞ்சள் கேப்சூல், இரவில் ஒன்று. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள் என்றேன். சீட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தவர், இரண்டாவது படியில் நின்று திரும்பினார்.

"பேரப்புள்ள மாடியில பொறா வச்சிருக்கான்மா. இருபத்திரெண்டு. அத்தயும் எழுதணுமா?"

சீட்டை வாங்கி அதையும் எழுதினேன்.